மரவள்ளியும் இஞ்சியும்

அன்றைக்கு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, எதிர்வீட்டுச் சிங்கள ஆன்ரி, நான். அப்பா கட்டாரில்.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு நாட்டை அறிமுகப்படுத்த வேண்டும். எனக்கு வந்தது கானா. மற்றப் பிள்ளைகள் கொடியும் படமும் ஒட்டட்டும், நான் கானாவைச் சாப்பிடக் கொடுப்பேன் என்று ஒரே பிடியாக நின்றேன். பள்ளிக்கூடத்துக்காக நானாக விரும்பிச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மாமா அந்த நாட்டுத் துறைமுகத்தில் பல வருடம் கிரேன் ஓட்டியவர். கரையில் நிற்கும் வர்ணப் படகுகளைத் தொலைபேசியில் காட்டினார். அங்கே பிறந்த கிழமையை வைத்தே பிள்ளைக்குப் பெயராம்; வெள்ளிக்கிழமை பிறந்த என்னை அஃபுவா என்று கூப்பிடத் தொடங்கினார். மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் அவித்து, இடித்து, பந்தாக உருட்டினார். அதுதான் ஃபூஃபூ. கோழிச் சூப்பில் தோய்த்து, வலக்கையால் எடுத்து, மெல்லாமல் விழுங்க வேண்டும்.

சூப்புக்கு அவர் இஞ்சியை எடுத்ததும் அம்மா பறித்துவிட்டாள்.

"மரவள்ளியோட இஞ்சியா? நஞ்செண்டு தெரியாதா உனக்கு?"

ஆன்ரியும் சிங்களத்தில் அதையே சொன்னார். இரண்டு வீடும் வாக்குவாதமில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது.

"அங்க ஊரே இதைத்தானேக்கா தின்னுது."

"நீ திண்டு பழகிட்டாய். இவளின்ட வகுப்புப் பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தால்?"

இஞ்சியை விட்டுவிடுவோம் என்று மாமா இறங்கி வந்தார். நான் இறங்கவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், அன்றைக்குக் குசினி வாசலில் குந்திவிட்டேன்.

"இஞ்சி போடாட்டி அது கானா இல்லை. நான் நாளைக்குப் போகமாட்டன்."

அம்மா இஞ்சியை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சமைத்து முடிந்ததும், பொழுதுபடும்வரை போக வேண்டாம் என்று ஆன்ரியிடம் மெல்லச் சொன்னாள். அப்பாவுக்கு அழைத்து, சும்மாதான் எடுத்தேன் என்று வைத்தாள். பிறகு ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு உருண்டையாக விழுங்கினாள். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். தட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள். ஆன்ரி அவளுடைய முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் அம்மாவே பெட்டியில் போட்டுத் தந்தாள். வகுப்பில் எல்லாருக்கும் பெருமையோடு சொன்னேன்:

"எங்கட அம்மாவுக்கு இது எவ்வளவு விருப்பம் தெரியுமா? எனக்கும் தராமல் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவ."