மஞ்சள் தடவிய கவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது நான்கு. நாலு பேரும் காலேஜ் படித்தவர்கள். நான் பள்ளிக்கூடமே போகாதவள். பிற்பாடு எழுத்துக் கூட்டப் பழகியதை வைத்து இதை எழுதுகிறேன். எத்தனை நாளானாலும் எழுதி முடித்துவிடுவேன்.

போன வாரம் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் என் அத்தையின் புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி திறந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வயசுப் பிள்ளைகளுக்காகவே இருபத்திரண்டு நாவல் எழுதிவிட்டுப் போனவர். எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்பார்கள். மேடையில் பேசிய டீச்சர் என்னைக் காட்டி, சின்ன வயதில் இவர் கவரை மாற்றிக் கொடுத்த தப்பினால்தான் இந்த எழுத்தாளர் நமக்குக் கிடைத்தார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சால்வை வேறு போட்டார்கள்.

நான் மாற்றிக் கொடுக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏவின வேலைக்கெல்லாம் ஓடுவேன். அத்தைக்கு அவிநாசியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். புஸ்தகம், பேனா எல்லாம் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தை ஒளித்து ஒளித்துக் கதை எழுதியது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாரு, அதாவது எங்கள் தாத்தா, ஜாதகத்தைக் கவரில் போடும் வேலையை அத்தையிடமே விட்டார்.

அத்தை என்னிடம் இரண்டு கவர் கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதை அவிநாசி பஸ் கண்டக்டரிடம் கொடுக்கவேண்டும், மற்றதைத் தபால் பெட்டியில் போடவேண்டும். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, மஞ்சள் தெரியாதா? சொன்னபடியே செய்தேன்.

மூன்றாம் நாள் கல்யாணத் தரகர் வந்து, அந்தக் கவரில் இருந்ததென்று ஒரு கட்டுக் காகிதத்தை அப்பாரு முன்னால் வைத்தார். அது ஜாதகமில்லை, கதை. அதில் ஒரு பெண், பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் எட்டாம் வாய்ப்பாடு கேட்கிறாள். அவர் முழிக்கவும், கொடுத்த காப்பியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாள்.

"இதுக்கு என்னத்தைங்க பொருத்தம் பாக்கறது?" என்றார் தரகர்.

அப்பாரு அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். "அது பத்திரிகைக்குப் போகவேண்டியதுங்க. சின்னப் புள்ளைங்க. கவரை மாத்திக் குடுத்துப்போட்டா போல."

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். மஞ்சள் கவர்தான் கண்டக்டரிடம் போனது என்று அழுதுகொண்டே சொன்னேன். படிக்காத கழுதையின் பேச்சை யார் கேட்பார்கள்? சம்பந்தம் முறிந்தது. கதை எழுதுகிற பெண் என்று ஊருக்கே தெரிந்தபின் வேறு மாப்பிள்ளையும் வரவில்லை. அப்புறம் அத்தை நடுக்கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினார்.

நாற்பது வயதில், என் மகள் ஜாதகத்தைக் கவரில் போட்டு ஒட்டி மஞ்சள் தடவும்போது என் கை நின்றுவிட்டது. உள்ளே வைத்து ஒட்டின பிறகுதானே தடவுவோம்? அன்றைக்குக் கதையை உள்ளே வைத்ததும் ஒட்டினதும் தடவினதும் அத்தை. எழுத்துத் தெரியாத பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்தனுப்பியதும் அவர்தான். எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதைத் தப்பு என்று யாரும் சொல்லக்கூடாது. எனக்குக் கொடுத்த வேலை அது, ஒழுங்காகச் செய்தேன்.

அடி வாங்கின அன்று சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "நீ ஒண்ணும் மாத்தலே அம்மணி. சொன்னதைச் சொன்னபடி செஞ்சே," என்றார். அழுத பிள்ளையைத் தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு பன்னைத் தின்றேன்.

எழுதி முடித்தாயிற்று, பேத்தியைக் கூப்பிடுகிறேன். கண்ணு, இங்கே வா. இதைச் சத்தமாப் படிச்சுக் காட்டு. எழுத்து எங்கேயாவது கோணியிருந்தா திருத்திக்கோ. அத்தை சொன்னதை மட்டும் தொடாதே.