நான் ஒட்டிய லேபிள்

ஜூன் 15, ஞாயிறு. ஆராதனை முடிந்து அருமனையிலுள்ள வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் டைரி எழுதினேன். தன் மறைந்த கணவர் சபையில் பாடிய பாட்டைக் கேட்கத் தங்கை லில்லி வந்தாள்.

கேசட்டிலிருந்து நான் அதைப் பதிந்து வைத்த சிடி ஓடவில்லை. விலை மலிவென்று வாங்கியது. அடையாளத்துக்கு நான் ஒட்டிய காகித லேபிள் சுருண்டு, வெள்ளிப் பூச்சையும் உரித்திருந்தது.

"பழைய கேசட்டு எங்க, அண்ணா?"

"அடைசலுண்ணு எறிஞ்சிட்டேன்."

"எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கேன்னு சொன்னியளே."



இப்போதெல்லாம் எந்தப் பதிவையும் நெடுநாள் தாங்கும் தங்கப்பூச்சு சிடியில் இரண்டு பிரதி எடுத்து, ஓட்டிப் பார்க்கிறேன். பெயரை உறையில் மட்டும் எழுதுகிறேன். ஒரு பிரதி லில்லி வீட்டில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, டைரியைத் தொடும் முன்பே மீதி சிடிகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒன்றில் அவள் கணவர் வேதம் வாசித்தார். உடனே லில்லிக்குப் போன் போட்டு, அதை ஸ்பீக்கர் அருகே வைத்தேன்.