பலமாக இருக்கட்டும் என்று முறுக்கிய கம்பி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நடந்தது இது. அப்போது நானும் மனைவியும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தோம். ஊரில் ஷெல்லடியில் அவளுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. பொய்க்காலும் ஒத்துவரவில்லை. மாதா கோயில் ஆட்கள் தேடித் தந்த பழைய மூன்று சில்லு மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகுதான், அவள் என் தோளைப் பிடிக்காமல் வெளியே போகத் தொடங்கினாள்.

அந்த ஸ்கூட்டருக்கு பற்றறியோ பியூஸோ வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு கடைதான். பெரிய வியாழன் பின்னேரம் பியூஸ் எரிந்துவிட்டது. கடைக்கு ஓடினேன். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமைதான் திறப்போம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"பரவாயில்லை. இந்த வருசம் சிலுவைப்பாதையை வீட்டிலை இருந்தே சொல்லுறன், விடுங்கோ," என்றாள்.

அவள் விட்டாலும் நான் விடுவேனா? மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர்க்காரன் நான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவன். கேவலம் ஒரு பியூஸிடம் தோற்பதா?

"உதுக்குப் போய் நாலு நாள் காவல் இருக்கிறதே? கொஞ்சம் பொறும்," என்று பழைய வயர் ஒன்றைச் சீவினேன். ஊரில் வீட்டுப் பியூஸ் போனால் ஒரு செப்பு இழையை எடுத்துச் சுற்றுவோம். நான் பலமாக இருக்கட்டும் என்று ஒரு கொத்தையே முறுக்கி வைத்தேன்.

"கடைக்காரன் வேறை ஒண்டும் போட வேண்டாம் எண்டவனெல்லே?" என்றாள்.

"அவன் சாமான் விக்கிறவன். அப்பிடித்தான் சொல்லுவான்."

ஸ்கூட்டர் ஓடியது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கோயிலுக்குப் புறப்பட்டோம். எலிவேற்றர் கீழே வந்து நின்றபோது அதன் தரை, வெளித்தரையைவிட மூன்று விரல் பள்ளமாக நின்றது. அந்தக் கட்டடத்தில் அது வழக்கம்தான். நான் முதலில் வெளியே வந்து, பின்பக்கமாக வந்த ஸ்கூட்டரைப் பிடித்து இழுத்தேன். பின் சில்லுகள் விளிம்பில் முட்டிக்கொண்டன. மோட்டார் உறுமியது.

"இன்னும் அமத்தும்! விடாதையும்!" என்று கத்தினேன்.

அவள் கைப்பிடியில் இருந்த விசையை இன்னும் அமத்தினாள். றப்பர் எரியும் மணம் வந்தது. பிறகு அவள் இருக்கைக்குக் கீழேயிருந்து கறுப்பாகப் புகை எழும்பியது. பயந்து அவள் கையை எடுக்க, ஸ்கூட்டர் என் பிடியிலிருந்து நழுவி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. பொத்தானை மாறி மாறிக் குத்தினேன். அதற்குள் மேலே யாரோ எலிவேற்றரை அழைத்துவிட்டார்கள். புகையோடு அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள்.

கதவுக்கு மேலே எண்கள் எரிந்தன. இரண்டு. மூன்று. அவளால் எழுந்து நிற்க முடியாது என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். எந்த மாடியில் நிற்கும் என்று தெரியாது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தள்ளித் தலையை நீட்டிப் பார்த்தேன். நாலாம் மாடியில் ஒன்றுமில்லை. ஐந்தில் யாரோ மீன் பொரிக்கும் மணம். ஆறில் ஒரு சத்தமும் இல்லை. மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாம் மாடிக் கதவைத் திறந்தபோது இருமல் கேட்டது. அவளுடைய இருமல். ஒருவர் இருமுவதைக் கேட்டு நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

அவள் நடைபாதையில் சுவரில் சாய்ந்து இருந்தாள். பக்கத்தில், நாங்கள் தலையசைத்ததோடு சரி என்று கடந்து போகும் ஒரு கரீபியன் பெண். துணி துவைக்கக் கீழே போவதற்கு எலிவேற்றரை அழைத்தவர் அவர்தான். கதவு திறந்ததும் புகைக்குள் ஒரு பெண்ணைக் கண்டு, அழுக்குத் துணிக் கூடையைக் கதவுக்குள் செருகிவிட்டு, கக்கத்தில் கைகொடுத்து இவளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். சாவியைத் திருப்பி அணைத்தும் புகை நிற்கவில்லை. பற்றறியின் இணைப்பு எங்கே என்று இவள் கையால் காட்ட, அவர் திரும்ப உள்ளே போய் வெறுங்கையால் அதைப் பிடுங்கியிருக்கிறார். அவருடைய இரண்டு விரல்கள் கொப்புளித்திருந்தன.

கட்டடப் பொறுப்பாளர் வந்து இருக்கையைத் தூக்கினார். வயர்கள் உருகி ஒட்டியிருந்தன. நடுவில் என் செப்புக் கொத்து மட்டும் கறுத்துப்போய் அப்படியே இருந்தது. யார் இதைச் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். இனி ஸ்கூட்டரையே உள்ளே விடமாட்டாரோ என்ற பயமோ, வெறும் வெட்கமோ, எனக்கே தெரியாது.

"ஷொப்," என்று கடைக்காரன் தலையில் போட்டேன்.

வெளியாட்களிடம் ஒரு நன்றி சொல்வதற்குக்கூட என்னையே பேசவிடும் என் மனைவி, நிலத்தில் இருந்தபடியே தலையை நிமிர்த்தினாள்.

"நொட் ஷொப். ஹஸ்பண்ட்."

விரல் எரிச்சலோடும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. அவருடைய கையைத் தன் மடியில் வைத்து, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருவருக்கும் முன்னால் குந்தியிருந்து மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கடைக்காரர் புது வயர்த் தொகுதியும், சரியான பியூஸும், மேலதிகமாக இரண்டு பியூஸும் எடுத்து வைத்தார். அந்த இரண்டையும் இருக்கைக்குக் கீழே ஒட்டிவைத்தேன்.

ஏதும் பிசகினால், தன்னை எரித்து ஆளைக் காப்பாற்றுவதுதான் பியூஸுக்கு இருக்கும் ஒரே வேலை. அதை எரியவே முடியாதபடி பலமாக்கி, அதன்மேல் என் மனைவியை இருத்தியவன் நான். ஊரில் ஒன்றும் கிடைக்காத காலத்துக் கெட்டித்தனம், கிடைக்கிற இடத்தில் வெறும் வீம்பாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது பழுதாகி நான் வயர் வெட்டும் குறட்டைத் தேடினால், அவள் மெதுவாக "ஹஸ்பண்ட்" என்பாள். எனக்கு அந்த றப்பர் மணம் மூக்கில் ஏறும், குறட்டை வைத்துவிட்டுக் கடை திறக்கும் நாளுக்காகக் காத்திருப்பேன்.