லெட்சுமி ஏறிய மலை

மலைநாட்டு அப்புத்தளையில் மலையேற வந்தவர்களோடு நடக்கையில், கசங்கிய யூக்கலிப்டஸ் இலையின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்து, யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு ஓடிவந்து என் வகுப்பில் சேர்ந்த லெட்சுமியின் புத்தகங்களில் இதே வாசம்தான். எங்கள் வகுப்பு நடந்த ஓலைக்கொட்டில், பின்னர் ஷெல் விழுந்து இல்லாமலே போனது; அங்கே ஒரு மேட்டைக்கூடக் காணாத நாங்கள் மலைநாட்டின் சரிவுகளையும் கணவாய்களையும் ராகமிழுத்து ஒப்புவிப்போம்.

ஒருநாள் லெட்சுமி எழுந்து, டீச்சர் ஏறும் வழி போட்டிருந்த கரும்பலகைப் படத்தைக் காட்டினாள். "டீச்சர், அந்தப் பக்கம் செங்குத்துங்க. நாங்க இந்தப் பக்கமாத்தான் ஏறுவோம்."

"எனக்கு மலை படிப்பிக்கத் தோட்டக்காட்டாள் வந்திட்டாள்! இருடி!" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

அதன்பின் லெட்சுமி பள்ளிக்கு வரவில்லை. அடுத்த மாதம் டீச்சர் வீட்டுக்கு டியூஷனுக்குப் போனபோது, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது அவள்தான்.

"குடிங்க," என்றாள், என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள்.

டீச்சர் மலைநாட்டுப் படத்தை விரித்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.