நிரஞ்சலாவின் ஒக்ஸிடேஷன்

சின்னச் சின்ன இங்கிலீஷ் சொல் என்றால் நிரஞ்சலா விளாசித் தள்ளுவாள். சொல் கொஞ்சம் நீண்டால் போதும், நாக்கு அடம்பிடிக்கும். அப்புத்தளைக்குக் கீழே அவள் கொழுந்து பறிக்கிற தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியை வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சோதனை. தேறினால் அட்டைக்கடியும் கூடையும் அன்றோடு சரி. தேறாவிட்டால் விடிகாலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏற வேண்டியதுதான்.

புருஷன் நிமலன் கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவன். நீ சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கு, நான் அடிக்கிறேன் என்று தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்துவந்தான். ஒக்-ஸி-டே-ஷன், அரைத்த கொழுந்து நிறம் மாறுகிறதுக்கு ஃபெக்டரியில் சொல்கிற பேர். ‘டே’க்கு மட்டும் ஓங்கி ஓர் அடி. ஃபெர்-மென்-டே-ஷன். அங்கேயும் அப்படியே. அட, ‘ஷன்’ என்று வால் முளைத்த சொல்லெல்லாம் அதற்கு முந்தின அசையில்தானே எகிறுகிறது! நிரஞ்சலாவுக்குத் தலைகால் புரியவில்லை. டெக்கரேஷன், இன்விட்டேஷன் என்று வாயில் வந்ததையெல்லாம் நறுக்கிப் போட்டாள். அவனும் வெளுத்து வாங்கினான்.

திருவிழா இல்லாத நாளில் தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனமே திரண்டு வந்துவிட்டது. மேல் லயத்து இராக்கம்மா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே ஓடிவந்தாள். யாரும் சாகவில்லை, இங்கிலீஷ் படிக்கிறோம் என்று புரியவைப்பதற்குள் நிமலனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“செத்தது யாருன்னு சொல்லுங்க, அழுதுட்டுப் போறேன்,” என்றாள் இராக்கம்மா.

அழ வந்தவர்கள் சும்மா திரும்புவார்களா? உட்கார்ந்து, கைதட்டி, அவளை மறுபடி மறுபடி சொல்லவைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஃபெக்டரியைச் சுற்றிப்பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால், மெஷின் இரைச்சலில் நிரஞ்சலாவுக்குத் தன் குரலே கேட்கவில்லை. கத்தினாள். கத்தும்போது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது, ‘டே’ வந்ததும் ஓங்கி ஒரு தட்டு. முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் தானும் தொடையில் தட்டினார். பிறகு அவர் மனைவி. பிறகு கூட்டமே தட்டியது. சோதனை வைத்த மானேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்ததும் இவளுக்கு உயிரே போனது. கெட்டது காரியம் என்று நினைத்தாள். அவரோ சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றிருந்தார். நாளைக்கு ஒன்பது மணிக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச்சொன்னார்.

மலைப்பாதையில் கால் தரையில் பாவவில்லை. வழியில் கண்ட, கொழுந்துக்கு ஆள் பிரிக்கிற கங்காணி, நாளைக்கு மேல்மலையில் கொழுந்து, நேரத்தோடு வந்துவிடு என்றார். எத்தனையோ வருஷமாக அதற்குத் தலையாட்டியே பழகியவள் நிரஞ்சலா.

“நாளைக்கு நான் வரலீங்க,” என்றாள். “இனிமே வரமாட்டேங்க.”

சொன்னவள் அங்கேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.