கத்தியைத் தூக்கும் இடம்

சல்லடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஆர்டன் காய்ந்த பூத்தலைகளைக் கசக்கினார். மகள் கிர்ஸ்டன் எதிரே நின்று ஹேர் டிரையரால் பதரை ஊதினாள். அவள் பம்புத் தொழிற்சாலையில் இன்ஜினியர். இதற்கென்றே அளந்து காற்றடிக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுத்திருந்தாள். அதற்குள் அவருடைய பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

"உன் பெட்டி விதையையும் சேத்து பக்கத்து ஸ்டேட் அயோவாவுக்கு அனுப்பிடும்மா. அவனுங்க நன்றிகூடச் சொல்ல மாட்டானுங்க."

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. செப்டம்பர் ஞாயிறு, மத்தியானம்.

தெற்கு மின்னசோட்டாவின் சாலையோரப் பள்ளங்களில் முப்பத்தோரு வருடம் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டியவர் ஆர்டன். ஓய்வு பெற்றதும் அதே பள்ளங்களில் காட்டுப்பூ விதை பொறுக்கி, உழவு நின்றுபோன வயல்களில் தூவத் தொடங்கினார். "முப்பத்தோரு வருஷம் மொட்டையடிச்சேன். இப்ப முடி வளக்கிறேன்." மூன்று தலை இருந்தால் ஒன்றைக் கிள்ளுவார். காதருகே ஆட்டிப் பார்த்துச் சலசலத்தால்தான் அதுவும்.

அந்த விதைகள் முளைக்க முதலில் ஒரு குளிர்காலம் வேண்டும். ஈரமணலில் பிசைந்து ஃபிரிட்ஜில் வைப்பார். பாதிரியார் ஒருமுறை அதை நாட்டுச்சர்க்கரை என்று காப்பியில் கலக்கிவிட்டார். "பயப்படாதீங்க, ஏப்ரல்லதான் முளைக்கும்" என்றார் ஆர்டன்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், சாலையோரமாக, கலப்பையே படாத துண்டு நிலம் ஒன்று. குளியலறை அளவுதான் இருக்கும். ஜென்ஷியன் என்ற நீலப்பூ அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தது அங்கே மட்டும். அங்கு வந்தால் அவருடைய டிராக்டர் கத்தி தவறாமல் மேலே எழும். மேலதிகாரி கேட்டதற்கு, "கத்திக்கு அந்த எடத்துல முழங்கால் வலிங்க" என்றார். அந்தப் பூ தாமதமாகப் பூக்கும். அக்டோபர் கடைசியில்தான் விதை முற்றும். அதற்குமுன் வெட்டினால் அந்த வருடம் விதையில்லை.

இன்னும் இரண்டு நாளில், செவ்வாய்க்கிழமை, அந்தச் சாலையில் புல்வெட்டு. புது டிரைவர் டிராவிஸுக்கு விஷயம் தெரியாது.

"போன்ல சொல்லிடுங்களேன்ப்பா."

"போன்ல எப்படிம்மா? இப்படிக் காட்டணும்." உள்ளங்கையை விரித்து, அடுப்பிலிருந்து கேக் தட்டை எடுப்பதுபோல மெல்ல உயர்த்தினார். "நாளைக்கு நேர்ல போறேன்."

திங்கள் விடியுமுன் தூக்கத்திலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாட்டுக்கு இடம் பண்ண ஃபிரிட்ஜைத் திறக்கப் போனாள் கிர்ஸ்டன். கதவில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "டிராவிஸ். கத்தி."

தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

ரயில்வே கேட்டில் இறங்கும்போதே டிராக்டர் வந்துகொண்டிருந்தது. கத்தினாள். இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து மெல்ல உயர்த்தினாள். டிராவிஸ் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினான். வண்டி நிற்கவில்லை.

இரண்டு கைகளையும் விரித்து மறுபடி உயர்த்தினாள்.

கத்தி எழுந்தது. வண்டி நீலப்பூக்களைத் தாண்டிப் போகும்வரை அவள் கைகளை இறக்கவில்லை.