கீழ்வீட்டுச் சட்டையில் சொட்டிய தண்ணீர்

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். ஒரு அலுவலகத்தில் கிளார்க். வயது முப்பத்தேழாகியிருந்தது. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓய்ந்த சமயத்தில் அவள் செடி வளர்க்க ஆரம்பித்திருந்தாள். எங்கள் பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போய்விட வேண்டும். அந்த இடத்துக்குள் தண்ணீர் கேன்களைப் பாதியாக வெட்டி, துளசி, கற்பூரவல்லி, புதினா, எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காலையில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எட்டு வயதுக்குரிய தாராளத்தோடு ஊற்றுவேன்.

அந்தத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கீழ்வீட்டுத் துணிக்கொடியில் இறங்கும். கீழ்வீட்டு சார் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர், தனியாள். ஒருநாள் மாலை, பஞ்சாயத்துக்குச் சாட்சி கொண்டுவருவதுபோல ஈரச்சட்டையோடு மேலே வந்தார்.

"மேடம், இது வெள்ளச் சட்டைங்க. குவார்ட்டர்ஸ் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா தொட்டி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிடுவாங்க."

"உக்காருங்க சார், டீ போடறேன்" என்றாள் அத்தை.

எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் போட்ட டீ. சார் ஒரு வாய் குடித்தார். அதற்கப்புறம் ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை வேறொரு சட்டையோடு வந்தார். அன்று துளசி டீ. அடுத்த வாரம் துண்டு, புதினா. ஒருமுறை லேசாக இருமினார் என்று கற்பூரவல்லிக் கஷாயமே கிடைத்தது.

எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. என்னால் அத்தையின் தொட்டிகள் போய்விடுமே. பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த பிளாஸ்டிக் தட்டுகளை ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் சணலால் கட்டினேன். ஒரு வாரம் ஒரு சொட்டுகூட விழவில்லை. சாரும் வரவில்லை. அத்தை டீயே போடவில்லை. எட்டாவது நாள் சார் சட்டையோடு நின்றார்.

"தண்ணி சொட்டுதுங்க."

நான் தொட்டுப் பார்த்தேன். "காஞ்சிருக்கே சார்."

"வெயில்ல காஞ்சிருக்கும் பாப்பா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை, அத்தை ஆணியைச் சூடாக்கி என் தட்டுகளில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்த பண்றீங்க?"

"தண்ணி தேங்குனா வேரு அழுவிப்போயிடும்டி."

அன்று மாலையே சார் வந்தார், சொட்டச்சொட்ட ஒரு சட்டையோடு. இந்தத் தடவை பழி என்மேல் விழக்கூடாது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் இல்ல சார். அத்ததான் ஆணியால ஓட்டை போட்டாங்க."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சார் டம்ளரைக் கீழே வைத்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. "செடிக்கு நல்லதுதான்" என்றார் மெதுவாக. அவர் கிளம்பும்வரை அத்தை வெளியே வரவேயில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் அவர்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. அத்தை ஒரு மாடி இறங்கிக் குடிபோனாள். தொட்டிகளும் கூடவே இறங்கின. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. சட்டையை இரண்டடி தள்ளிக் காயப்போட்டிருந்தால் தீர்ந்திருக்குமே, இதற்காகக் கல்யாணம் வரைக்குமா போகவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.